வரிசை மாதிரி ஒன்று

உங்கள் அலுவலக நாற்காலி நன்றாக இருக்கிறது, அம்மா. பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால், அது முதுகெலும்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். இதுவோ தாலாட்டுகிறது. இப்படி ஒரு நாற்காலி கிடைத்தால் நான் செய்ததோடு செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வேன். கவலைப்படாதீர்கள், செய்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வந்திருப்பது சின்ன சிஸ்டருக்காக. அதை முதலில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். எங்கள் மாடிக்கு இரண்டு நர்ஸுகள். வயதானவர் பெரிய சிஸ்டர், இளையவள் சின்ன சிஸ்டர். பெயர் எல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. என் பக்கத்து அறைக்காரர் குளியலறையில் விழுந்து, மணி அடித்து அடித்து, யாரும் வராமல் இறந்துபோனார். அப்போது பணியில் இருந்த சின்ன சிஸ்டர் கண்ணெதிரே திரையில் வந்த அழைப்பைக் கவனிக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள். இது உங்கள் விசாரணை அறிக்கை. அவளுக்கு வேலை போய்விட்டது. வழக்கும் போட்டுவிட்டீர்கள். தண்டனை கிடைத்தால் இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது.

டீ குடித்தது உண்மை. மீதியில் ஒரு திருத்தம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான திருத்தம்.

பக்கத்து அறைக்காரர் என்றா சொன்னேன்? அவர் எனக்குச் சம்பந்தி. என் மகன் கட்டியிருப்பது அவருடைய மகளை. இரண்டு பேரும் மனைவியை இழந்தவர்கள். இரண்டு கிழவர்களையும் இரண்டு ஊரில் வைத்தால் பெட்ரோல் செலவு என்று பிள்ளைகள் யோசித்து, ஒரே இல்லத்தில், ஒரே மாடியில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் எங்களை வைத்துவிட்டார்கள். ஒரே நடையில் இரண்டு அப்பாக்களையும் பார்த்துவிடலாம். வந்தால் முதலில் அவர் அறைக்குப் போவார்கள், பிறகு என் அறைக்கு வருவார்கள். அவர் அறை படிக்கட்டுக்குப் பக்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் நிபுணருக்கே தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவன். இணையப் பக்கத்தைப் பேச வைக்கிற, ஆட வைக்கிற மொழி அது. உலகத்தில் இருக்கிற பக்கங்களில் பாதி என் கையால் ஓடுகின்றன என்று சம்பந்தியிடம் ஒருமுறை சொன்னேன். அது கொஞ்சம் கூடத்தான். கால்வாசி இருக்கும்.

பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு விசையை அமுக்கினால் கீழே இன்னொரு ஜன்னல் திறக்கும். கன்சோல் என்பார்கள். பக்கத்தின் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று காட்டும். பிழை தேடுகிறவர்கள் வீட்டை விட அதில்தான் அதிகம் குடியிருப்பார்கள். உள்ளே இருக்கிற ஒரு பொருளின் பெயரைத் தட்டினால், அது என்ன என்று சொல்லும். வரிசையாக இருந்தால், அதாவது எங்கள் தொழிலில் அர்ரே என்று சொல்வதாக இருந்தால், சதுர அடைப்புக்குள் ஒவ்வொன்றாக அழகாக அடுக்கிக் காட்டும். வேறு ஏதாவது என்றால் சுருள் அடைப்புக்குள் மூட்டை முடிச்சு மாதிரிக் காட்டும். மூட்டையைப் பார்த்தால் தொழில்காரனுக்குச் சந்தேகம் வரும், அவிழ்த்துப் பார்ப்பான். சதுர அடைப்பைப் பார்த்தால் நிம்மதியாகிவிடுவான். வரிசை அவ்வளவு நல்ல பிராணி. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகக் காட்டு என்றால் ஒன்று விடாமல் காட்டும். அதற்குக் கபடம் தெரியாது.

ஆனால் ஒரு பொருள் வரிசைதானா என்று கன்சோல் எப்படி முடிவு செய்கிறது? பிறந்த குலம் கேட்பதில்லை. இரண்டே விஷயம் பார்க்கும். உள்ளே எத்தனை இருக்கிறது என்று சொல்லும் லெங்த் என்ற எண் இருக்கிறதா. நடுவிலிருந்து வெட்டி எடுக்கிற ஸ்ப்லைஸ் என்ற செயல் இருக்கிறதா. இரண்டும் இருந்தால் போதும், மகாராஜாவுக்குப் போடுவது போலச் சதுர அடைப்பு போட்டுவிடும். அந்த ஸ்ப்லைஸை யாரும் ஒரு நாளும் கூப்பிட வேண்டாம். சும்மா நின்றால் போதும். சீருடை போட்ட காவலாளி வாசலில் நின்றால் உள்ளே இருப்பது வங்கி என்று நாம் நம்பிவிடுவதில்லையா, அதுபோல.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பேர்போன லைப்ரரிகளே செய்வதுதான். லைப்ரரி என்றால் ஒருவர் எழுதி வைத்து ஊரெல்லாம் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல்கட்டு. அவற்றின் பொருள்கள் வரிசை கிடையாது, வரிசை மாதிரி. பிழை தேடுகிறவர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டுமே என்று அந்த ஸ்ப்லைஸை ஒட்டி வைத்தார்கள். நல்லெண்ணம். என்னுடையதும் நல்லெண்ணத்தில் தொடங்கியதுதான்.

நாங்கள் இல்லத்துக்கு வந்தபோது, நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு பலகையில் அறைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன பல்புகள் இருந்தன. பாதி எரியாது. மீதி அணையாது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் போய், எல்லாருக்கும் கைக்கடிகாரம் மாதிரி ஒரு பொத்தான் வாங்கிக் கொடுங்கள், அமுக்கினால் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் அறை எண் ஒளிரும், மணியும் ஒலிக்கும், அந்தப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"சார், நீங்க தெய்வம்" என்றார் மேனேஜர்.

நான் மறுக்கவில்லை. முதியவர்கள் இளையவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது.

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் எழுதியதில்லை. வருகிற அழைப்புகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள நானே ஒரு பொருள் செய்தேன். கூட்டம் என்று பெயர் வைத்தேன். அதற்கு லெங்த் கொடுத்தேன், ஸ்ப்லைஸ் கொடுத்தேன். கன்சோலில் பார்த்தால் சதுர அடைப்புக்குள் எல்லா அழைப்பும் வந்த நேரத்தோடு வரிசைகட்டி நிற்கும். ஆனால் அவற்றை எடுத்துத் திரையில் காட்டுகிற வேலையைச் செய்வது வேறு. ஒவ்வொன்றாகக் காட்டு என்ற செயலை உண்மையான வரிசை பிறவியிலேயே கொண்டுவரும். என் கூட்டத்துக்கு அதையும் நானே எழுதினேன். முதலில் ஒன்று விடாமல்தான் காட்டியது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சம்பந்தியைப் பற்றி. போனவரைக் குறை சொல்வது என் வழக்கம் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மனிதர் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மணி அடித்தார். உங்கள் முகத்தைப் பார்த்தால் நம்பவில்லை என்று தெரிகிறது. சரி, ஐந்தாறு தடவை. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டால் ஆயிரம்தான். தலையணை நகர்ந்துவிட்டது என்று ஒரு மணி. மழை வருமா என்று ஒரு மணி. சின்ன சிஸ்டர் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவாள். கால் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருக்கும்.

"வாம்மா வா, ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு, சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"அப்பா, இதுக்கா மணி அடிச்சீங்க. நான் என்னவோ ஏதோன்னு ஓடி வந்தேன்."

"ஓடினா உடம்புக்கு நல்லது. கேளு."

பிறகு ஒரு ஜோக் சொல்வார். அவள் சிரிப்பாள். நடைவழி முழுக்கக் கேட்கும் அந்தச் சிரிப்பு. அந்த ஜோக் என்னுடையது என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. காலையில் சாப்பாட்டு மேஜையில் நான் சொல்லியிருப்பேன். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், சம்பந்தி உட்பட. மதியம் அதே ஜோக் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உயிர் பெற்று எழுந்து உட்காரும். அவரை அவள் அப்பா என்று கூப்பிடுவாள். என்னைச் சார் என்பாள். சார் மரியாதையான சொல்தான். நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

என் மனசை உறுத்தியது அவளுடைய கால்கள். ஒரு பெண் இப்படி ஓடி ஓடிச் சாக வேண்டுமா? யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கிற வசதி இருந்தது, பதில் சொல்கிற வசதியும் இருந்தது. நான் எழுதிய செயலில் ஒரு சின்ன நிபந்தனை சேர்த்தேன். சம்பந்தியின் அறையிலிருந்து ஒரு மணி வந்து, கொஞ்ச நேரத்துக்குள் இன்னொன்று வந்தால், இரண்டாவதைத் திரையில் காட்டாதே. நியாயம்தானே. நிரல் எழுதுகிற வேறு எவனும் அதைத்தான் செய்திருப்பான். சின்ன சிஸ்டரின் ஓட்டம் குறைந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொஞ்சம் நீட்டினேன். பிறகு மதியங்களில், அவள் மாடியில் தனியாக இருக்கிற நேரத்தில், அந்த அறையை மொத்தமாகவே தாண்டிப் போகச் சொன்னேன். ஒலியும் வராது, ஒளியும் வராது. அழைப்பு மட்டும் கூட்டத்துக்குள் பத்திரமாக இருக்கும். நான் எதையும் அழிக்கவில்லை, அம்மா. அழிப்பது என் தொழில் தர்மத்துக்கு விரோதம்.

ஒரு வாரம் போயிருக்கும், சம்பந்தி சாப்பாட்டு மேஜையில் சொன்னார்.

"சம்பந்தி, மத்தியானத்துல நான் மணி அடிச்சா யாரும் வர்றதில்ல. உங்க பொட்டி தூங்கிடுதா?"

"என் பொட்டி தூங்காது சம்பந்தி. நீங்க தூக்கத்துல அடிச்சிருப்பீங்க, கனவுல."

"கனவுல அடிச்சா கனவுலயாவது அந்தப் பொண்ணு வந்திருக்கணுமே."

மேஜையே சிரித்தது. பாருங்கள், அதையும் நகைச்சுவையாக்கிக்கொண்டார்.

மேனேஜர் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரை வரவழைத்தார். பெரிய உடம்பு, இடுப்பில் இரண்டு போன். பிற்பாடு நீங்கள் நிபுணர் என்று அழைத்துக்கொண்டது அதே ஆளைத்தான். காலையில் வந்தார். காலையில் சம்பந்தியின் மணி பளிச்சென்று திரையில் வரும், அமுக்கிப் பார்த்தார், வந்தது. பிறகு கன்சோலைத் திறந்து என் கூட்டத்தின் பெயரைத் தட்டினார். நானும் மேனேஜரும் சின்ன சிஸ்டரும் பின்னால் நின்றோம். சம்பந்தி சக்கர நாற்காலியில். சதுர அடைப்பு வந்தது. உள்ளே முந்தின நாள் மதியத்து அழைப்புகள், அவர் அறை எண்ணோடு, நேரத்தோடு.

"இதோ பாருங்க, அர்ரே. எல்லா பெல்லும் வரிசையா இருக்கு. வயர் ஓகே, பட்டன் ஓகே, ப்ரோக்ராம் ஓகே. மெஷின் அதோட வேலைய ஒழுங்காத்தான் செய்யுது. மேஜைல உக்காந்திருக்கவங்கதான் பாக்கல."

"சார், ஸ்க்ரீன்ல வரவே இல்ல சார். வந்திருந்தா நான் ஓடியிருக்க மாட்டேனா?"

"உள்ள இருந்தா வெளிய வந்துதாம்மா ஆகணும். அர்ரேன்னா அப்படித்தான்."

அந்த நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்கு முன்னால், சதுர அடைப்புக்கு முன்னால், கூட்டம் என்ற பெயர் எழுதியிருந்தது. உண்மையான வரிசைக்கு அங்கே அந்தப் பெயர் வராது. நான் மறைக்கவில்லை, எழுதியே வைத்திருந்தேன். அவர் கன்சோலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும். நீ நிஜமாகவே வரிசையா என்று கேட்டால், இல்லை என்று அது பதில் சொல்லியிருக்கும். என் பொருள் பொய் சொல்லாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜர் சின்ன சிஸ்டரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்றார். அப்போது சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா?

"விடுங்க சார், அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. எனக்கு விரல்ல பலமில்ல. நான்தான் சரியா அமுக்கலயோ என்னவோ."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருவர் தன் மணி கேட்காமல் போனதைக்கூட நல்ல பெயராக மாற்றிக்கொள்ள முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நிபந்தனையை எடுத்துவிடலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசிக்கவில்லை.

சம்பவம் நடந்த நாள் உங்களுக்குத் தெரியும். மாடியில் இருந்த மற்ற எல்லாரும் கீழே கூடத்தில் படம் பார்க்கப் போயிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி, சம்பந்திக்குச் சளி, நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. பெரிய சிஸ்டர் கீழே. சின்ன சிஸ்டர் மேஜையில். மாலையில் சூப் கொண்டுபோனவர்தான் கதவைத் திறந்து பார்த்தார். மதியமே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள்.

உங்கள் நிபுணர் மறுபடி வந்தார். மறுபடி கன்சோல், மறுபடி சதுர அடைப்பு. இந்த முறை உள்ளே சம்பந்தியின் அழைப்புகள் எறும்புச் சாரை மாதிரி நின்றன. அவ்வளவு முறை அமுக்கியிருக்கிறார், விரலில் பலம் இல்லாதவர். அதைப் பார்த்து எல்லாரும் சின்ன சிஸ்டரைப் பார்த்தார்கள். இந்த முறை அவளும் குனிந்து அந்த அடைப்பையே பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சதுர அடைப்புக்கு அவ்வளவு சக்தி.

என் மருமகள் இடிந்துபோனாள். என் அறைக்கு வந்து, என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, பக்கத்துல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை?"

இல்லை என்றேன். சுவரில் தட்டியது வார்த்தையில் சேராது.

பொறுங்கள், அம்மா. அதற்கு வருகிறேன். ஒவ்வொன்றாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் நான் ஏன் இன்று வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மேனேஜர் உங்கள் அறிக்கையைச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தார். சின்ன சிஸ்டர் குற்றவாளி என்று வந்தபோது பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். பிறகு ஒரு வரி வாசித்தார். அழைப்பு மணிப் பக்கத்தைச் சோதித்ததில் அது ஒரு சாதாரண அர்ரே, குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை.

குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன சிஸ்டரை நினைத்துத்தான். அன்றைக்கு வந்திருந்த உங்கள் நிபுணரை வாசலில் பிடித்தேன்.

"ஐயா, அந்த அடைப்புக்கு முன்னால ஒரு பேர் இருந்துச்சே, பாத்தீங்களா?"

"ஏதோ இருந்துச்சு பெரியவரே."

"அது அர்ரே இல்லைன்னு உங்களுக்குத் தோணலயா?"

"பெரியவரே, நான் பாக்காத அர்ரேயா? நீங்க போய் ரெஸ்ட் எடுங்க. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

தோளில் தட்டிக் கொடுத்தார். அம்மா, ஒரு நிரபராதிப் பெண் சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது என்று அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன்.

நீங்கள் சொல்வது புரிகிறது. என் மேல் உள்ள இரக்கத்தில் சொல்கிறீர்கள். வயதாகிவிட்டது, எழுதும்போது ஏதோ பிசகிவிட்டது, தெரியாமல் நடந்த தவறு என்று போட்டுக்கொள்ளலாம். சின்ன சிஸ்டரும் வழக்கிலிருந்து வெளியே வந்துவிடுவாள், நானும் இல்லத்துக்குத் திரும்பிவிடலாம். உங்கள் மனசு பெரியது. ஆனால் அதில் கையெழுத்துப் போட என்னால் முடியாது. என் நிரலில் தவறு இருந்ததில்லை. சம்பந்தியின் அறையை மதிய நேரத்தில் தாண்டிப் போ என்று நானாக, தெளிந்த புத்தியோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எழுதியது எழுதியபடி ஓடியது. ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. தவறு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அப்படியே சாதாரண அர்ரே என்ற இடத்திலும் அடித்துவிட்டு, வரிசை மாதிரித் தோற்றம் தரும்படி திறமையாக எழுதப்பட்ட பொருள் என்று போடச் சொல்லுங்கள். திறமையாக என்பது உங்கள் இஷ்டம். ஆனால் போட்டால் நன்றாக இருக்கும்.

சரி, சுவர்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு சுவரில் தட்டுகிற சத்தம். கீழிருந்து, தரைக்குப் பக்கத்திலிருந்து. குழாயில் காற்று அடைத்தாலும் அப்படித்தான் கேட்கும். நான் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பந்தி என்று கூப்பிட்டது போலவும் இருந்தது. என் காது முன்போல இல்லை. கேட்டது உண்மையில் சம்பந்தி என்ற சொல்தானா என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். இரண்டு மூன்று முறை கேட்டது என்று வேண்டுமானால் செய்வேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. முழங்கால் வலியோடு எழுந்தேன். அவர் கதவைத் தாண்டி நர்ஸ் மேஜை வரைக்கும் நடந்தேன். சின்ன சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டி, டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் திரை மேலேதான் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

"சார், இன்னிக்கு மாடியே அமைதியா இருக்கு. அப்பா அறைலேருந்து ஒரு மணிகூட இல்ல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கும்மா? நல்லா தூங்குறார். நான் இப்பதான் எட்டிப் பாத்தேன். நீ டீயைக் குடி, ஆறிடும்."

எழ நினைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தாள். இன்னொன்று சொன்னேன். அதற்கும் சிரித்தாள். கையில் இருந்த டீ தளும்பிவிட்டது. படம் முடிந்து எல்லாரும் மேலே வருகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்படி ஓய்வாக ஒரு மதியம் அமைந்து வெகு நாளாகியிருக்கும். எனக்கும்தான்.

கடைசிக் கேள்வி கேட்டீர்கள். கதவைத் தாண்டித்தானே போனீர்கள், நீங்களே திறந்து பார்த்திருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. நானும் அதை யோசிக்காமல் இல்லை. அதனால்தான் அவளிடம் பேசுவதற்கு முன்னால் அவள் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது, அம்மா. அவருக்கு நிஜமாகவே உதவி தேவைப்பட்டிருந்தால் மணி அடித்திருப்பாரே.